மல்லிகாக்காவோடு மைசூரில்

ஜமுனாமரத்தூரில் சந்தை கூடும் நாளில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும். சாமையும் புளியும் விற்க வருகிறவர்கள் அப்படியே உடம்பையும் காட்டிவிட்டுப் போய்விடலாம் என்று வருவார்கள். அப்படி ஒரு காலையில், ஆய்வகத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“வேணி மேடம், மல்லிகாம்மா போய்ட்டாங்களாம். சந்தவாசல்ல இருந்து போன் வந்துது. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். வண்டியில ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்.”

என் கை அப்படியே நின்றுவிட்டது. கேட்டது அந்தப் பெண்தான். “எந்த மல்லிகாம்மா? எங்க நர்சம்மாவா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் தன் கையில் இருந்த பட்டையைத் தானே அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். “இன்னிக்கு ரத்தம் வாணாங்க. என் மூத்த பொண்ண அவங்கதான் கையில வாங்குனாங்க” என்றாள். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வர வெகுநேரம் ஆனது. வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

நம் மலையில் மல்லிகாக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. அடிவாரத்துச் சந்தவாசலில் இருந்து கிராம சுகாதார செவிலியராக மலை ஏறி வந்தவர். ஓய்வு பெற்று, சென்ற ஆண்டுதான் மலையிலிருந்து இறங்கிப் போனார். அவர் கையில் பிறந்தவர்கள் இப்போது தங்கள் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வருகிறார்கள். அவருடைய பணியைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள், இதைப் படிக்கும் மலைக்காரர்களான உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத மல்லிகாக்கா ஒருவர் உண்டு. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நீங்கள் அறிந்தவரைப் பற்றிக் கொஞ்சம். நான் ஆய்வக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சிற்றூரில் மாதம் நிறைந்த பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவளுக்கு ரத்தம் மிகவும் குறைவு என்று நான்தான் சோதித்துச் சொல்லியிருந்தேன். அதனால் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் ஆபத்தையெல்லாம் எடுத்துச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் இன்னும் உள்ளே போய் மூலையில் சுருண்டுகொண்டாள். அக்கா ஒன்றும் பேசவில்லை. வாசலில் அவள் மாமியார் புளி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அக்காவும் ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுக்க ஆரம்பித்துவிட்டார். பொழுது சாயும்வரை அதே வேலை. கடைசியில் அந்தப் பெண்ணே ஒரு பையில் துணிகளை அடைத்துக்கொண்டு வெளியே வந்து, “போலாமா நர்சம்மா?” என்றாள். இறங்கி வரும்போது அக்கா என்னிடம் சொன்னார்: “பேசிக் கூப்ட்டா வரமாட்டாங்க வேணி. கூட உக்காந்தாத்தான் வருவாங்க.”

அன்று முதல் நாங்கள் நெருங்கிவிட்டோம். வயதில் பதினைந்து ஆண்டு இடைவெளி இருந்தும், என்னிடம் கேலி பேசுவார், கோபித்துக்கொள்வார், என் டிபன் பெட்டியைத் திறந்து தின்பார்.

மைசூர் போகலாம் என்று சொன்னது நான். இருவருக்கும் ஒரே சமயத்தில் விடுப்பு கிடைத்த கோடை அது. என் மகளை அம்மா வீட்டில் விட்டிருந்தேன். அக்கா வாழ்நாளில் சுற்றுலா என்று எங்கும் போனதில்லை. கல்யாணம், கருமாதி, பயிற்சி வகுப்பு இவைதான் அவர் செய்த பயணங்கள். அரண்மனையும் மிருகக்காட்சி சாலையும் பார்க்கலாம் என்றேன். அவர் இரண்டே இரண்டு நிபந்தனை போட்டார். அங்கே வாத்தியங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாம், போனில் பார்த்தாராம், அதற்குக் கட்டாயம் போகவேண்டும். அடுத்தது, ஊரைச் சைக்கிளில் சுற்றவேண்டும்.

“சின்ன வயசுல சந்தவாசல்ல இருந்து ஸ்கூலுக்கு சைக்கிள்ளதான் போவேன். மலைக்கு வந்தப்புறம் சைக்கிள நம்ம இல்ல தள்ளிக்கினு போவணும்? அந்த ஊர் ரோடெல்லாம் அகலமா, மரம் வச்சி, படத்துல பாத்தேன்.”

“வாத்தியம் எதுக்குக்கா? உங்களுக்குப் பாட்டுல அவ்ளோ ஆசைன்னு எனக்குத் தெரியாதே.”

“இத்தினி வருசமா பொம்பளைங்க கத்துறதும் கொயந்தைங்க அழுவறதும்தானே கேட்டுக்கினு கீறேன். கொஞ்சம் வேற சத்தமும் கேட்டுட்டு வரலாம், வா.”

திருப்பத்தூர் இறங்கி, ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில் மைசூரில் இறங்கினோம். விடுதிக்குப் பக்கத்திலேயே வாடகைச் சைக்கிள் கடை. கடைக்காரர் தமிழ் தெரிந்தவர். சேலையில் ஓட்டுவீர்களா என்று அக்காவைச் சந்தேகமாகப் பார்த்தார். அக்கா கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, தெருமுனை வரை போய் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்து காலை ஊன்றினார். நான்தான் தடுமாறினேன். ஹேண்டில் என்னை இழுத்துக்கொண்டு போனது. “பயமா இருந்தா பிரேக்கப் புடி. கண்ண மூடாத” என்று அக்கா கத்தினார். பிரசவ அறையில் அவர் சொல்வதும் ஏறக்குறைய இதேதான் என்பது நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு பொங்கியது.

அன்று காலை முழுக்க அவர் முன்னால், நான் பின்னால். அரண்மனை மதிலை ஒட்டிய சாலையில் கொன்றை பூத்துக் கொட்டியிருந்தது. அக்காவின் முதுகு நிமிர்ந்திருந்தது. சேலை முந்தானை இடுப்பில் செருகியது அவிழ்ந்து பறந்தது. அவ்வளவு இளமையாக அவரை நான் பார்த்ததே இல்லை. பழைய பூச்சந்தைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருந்த குங்குமத்தைப் பார்த்து, “இத ஊதிட்டா என்னா ஆவும்?” என்று சின்னப் பெண்ணைப்போலக் கேட்டார்.

பிற்பகலில் ஒரு பெரிய நாற்சந்தி வட்டத்தில் திரும்பும்போது அது நடந்தது. அக்கா சாலையின் நடுவுக்கு வந்துவிட்டிருந்தார். பின்னால் ஒரு நகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. விட்டுவிட்டு அடிக்கவில்லை, கையை எடுக்காமல் அடித்தார் ஓட்டுநர். அக்கா ஒதுங்கவில்லை. “அக்கா! ஓரம் வாங்க, ஓரம்!” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் அதே வேகத்தில், அதே நிமிர்ந்த முதுகோடு போய்க்கொண்டிருந்தார். பேருந்து வளைந்து அவரை உரசுவதுபோல் கடந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் திடுக்கிட்டுச் சாய்ந்து நடைபாதை ஓரத்தில் விழுந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனார்.

“கன்னடத்துல திட்னா நமக்கு இன்னா புரியப்போவுது, வுடு” என்று சிரித்தபடி எழுந்தார். பிற்பகல் வெயிலுக்கு முந்தானையால் தலையையும் காதையும் சுற்றிக் கட்டியிருந்ததால் கேட்கவில்லை போலும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரும் அப்படியே சொன்னார்.

மறுநாள் அருங்காட்சியகம் போனோம். மரங்களுக்கு நடுவில் ஒரு பழைய வீடு. வீணைகளும் நாதஸ்வரங்களும் நான் பெயரறியாத வடநாட்டு நரம்புக் கருவிகளும் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. ஓர் அறையில் ஒவ்வொரு வாத்தியத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஹெட்போன் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினால் அந்த வாத்தியத்தின் இசை கேட்கும். அக்கா ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, மாட்டி, அமுக்கி, கண்ணை மூடி, விரலால் தாளம் போட்டார். நான் இரண்டு மூன்றோடு அலுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

புல்லாங்குழலின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “எவ்ளோ நல்லா கீது தெரியுமா? வந்து கேளு வேணி” என்றார். அவர் அடுத்த பெட்டிக்கு நகர, நான் போய் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பொத்தானை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.

அங்கே பொறுப்பில் இருந்தவர் எழுந்து வந்தார். “அது கெட்டுப்போச்சும்மா. ஒரு வாரமா வேலை செய்யல்ல. எழுதி ஒட்டணும், மறந்துட்டேன்” என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். ஹெட்போனை இன்னும் எடுத்து மாட்டியிருக்கவில்லை. “அக்கா” என்றேன். கொஞ்சம் உரக்க, “அக்கா” என்றேன். அறையில் வேறு ஓசையே இல்லை. அவர் திரும்பவில்லை.

அப்போது ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன. கூட்டங்களில் அவர் எப்போதும் முதல் வரிசையில் உட்காருவது. ரத்த அழுத்தம் பார்க்க, காதில் குழாய் மாட்டும் பழைய கருவியை விட்டுவிட்டு எண் காட்டும் கருவிக்கு மாறியது. யாராவது பேசும்போது கண் இமைக்காமல் அவர்கள் வாயையே பார்ப்பது. அதை நாங்கள் எல்லோரும் அக்கறை என்று நினைத்திருந்தோம்.

அந்த ஊழியரும் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்காவின் எதிரில் போய் நின்று சைகையால் கூப்பிட்டு, மூலையில் வைத்திருந்த ஒரு தம்புராவிடம் அழைத்துப் போனார். அதன் குடத்தின்மேல் அக்காவின் உள்ளங்கையை வைக்கச் சொல்லிவிட்டுத் தந்திகளை மீட்டினார். அக்காவின் முகம் மாறியது. கையை எடுக்காமல் நின்றார். பிறகு மெல்ல எடுத்து, அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

அங்கிருந்து சைக்கிளை மிதித்து ஓர் ஏரிக்கரைக்குப் போனோம். கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் அவராகவே கேட்டார்.

“எப்ப கண்டுபுடிச்ச?”

“புல்லாங்குழல்ல. அது வேல செய்யலக்கா. கெட்டுப்போயி ஒரு வாரம் ஆவுதாம்.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். “நா என் காதுதான் அதோட போச்சுன்னு நெனச்சேன். மெஷினு போயிருக்கும்னு தோணவே இல்ல பாரு.” சிரிப்பு பாதியில் உடைந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இடது காது எப்போதோ போய்விட்டதாம். வலதில் மிச்சம் இருந்ததும் ஓராண்டாகக் குறைந்துகொண்டே வருகிறதாம். அதனால்தான் கேட்கிற வரைக்கும் கேட்டுவிடலாம் என்று இங்கே வர ஆசைப்பட்டாராம். அந்த அறையில் அவருக்கு மேளமும் வேறு ஒன்றிரண்டும் மட்டும்தான் எங்கோ தூரத்தில் கேட்டிருக்கின்றன.

“தம்புராவ தொட்டப்ப தெரிஞ்சுதேக்கா” என்றேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று இருந்தது.

“கையில தெரிஞ்சிது. ஆனா அது கேக்குற மாதிரி ஆவாது வேணி.”

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. “வயித்துல மெஷின வச்சி கொயந்தையோட துடிப்பு கேக்குறோம் இல்ல, அது எனக்கு இப்ப சரியா கேக்குறதே இல்ல. சத்தத்த முழுசா ஏத்தி, அதுல வர்ற நம்பரப் பாத்து சொல்றேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல. சாமி புண்ணியம். நாளைக்கு அந்த நம்பர் தப்பா காட்டி, நா பாட்டுக்கு நல்லா கீதுன்னு சொல்லிட்டா?”

ஓய்வுக்கு அதிக காலம் இல்லை, வெளியே தெரியாமல் எப்படியாவது சமாளித்துவிடலாம், பிரசவம் வந்தால் நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் தலையை ஆட்டினார்.

“உனக்கு நா முக்கியம், அதனால சொல்ற. வயித்துக்குள்ள கீறதுக்கு யாரு முக்கியம்? போனதும் டாக்டர்கிட்ட நானே சொல்றேன்.” எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “இப்ப கௌம்பு. இன்னும் ஊர் பாதி கீது. ஆனா நீ முன்னால போ. பின்னாலருந்து கத்தாத, எனக்குக் கேக்காது. நீ திரும்புற எடத்துல நா திரும்புறேன், நீ நிக்கிற எடத்துல நிக்கிறேன்.”

மிச்ச நேரமெல்லாம் அப்படித்தான் சுற்றினோம். நான் கையை நீட்டிக் காட்டுவேன், அவர் பின்தொடர்வார். ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் அங்கே இருந்தார்.

திரும்பி வந்த மறுநாளே மருத்துவ அலுவலரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நீங்கள் அறிந்த காரணம் வேறு. வயதாகிவிட்டது, ராத்திரி வேலை முடியவில்லை என்று பிரசவப் பொறுப்பை விட்டுக்கொடுத்தார் என்றுதான் வெளியே பேச்சு. தடுப்பூசியும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையும் அவருக்கு என்று ஆனது. வேலூரில் காட்டி, காதுக்கு மெஷின் வாங்கினார். அது விசில் அடிக்கிறது, தலை வலிக்கிறது என்று பாதி நாள் பையில்தான் கிடந்தது.

புதிதாக வந்த செவிலியர் முதன்முறையாகத் தனியாகப் பிரசவம் பார்த்த அன்று அக்கா வீட்டுக்குப் போகவில்லை. வேலை முடிந்த பிறகும் பிரசவ அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே போகவில்லை, தான் நின்றால் அந்தச் செவிலியருக்குக் கை நடுங்கும் என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். நேரம் போனது. அக்காவின் கண் என் முகத்தை விட்டு அகலவில்லை.

உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டது. மலையே கேட்கும்படி அழுதது. அக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் முகம் மாறியதைத்தான் அவர் பார்த்திருக்கவேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அழுதுச்சா வேணி?”

“அழுதுச்சுக்கா.”

“நல்லா அழுதுச்சா?”

“நல்லா அழுவுதுக்கா. இன்னும் அழுதுக்கினே கீது.”

அவர் தலையை ஆட்டினார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சாவுக்கு மலையிலிருந்து சரக்கு வண்டிகளில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். குழந்தைகளை இடுப்பில் சுமந்த பெண்கள் அந்தத் தெருவை நிறைத்துவிட்டார்கள். எடுத்த பிறகு, கூட்டம் கலைந்த பிறகு, அக்காவின் கணவர் ஏகாம்பரம் அண்ணன் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை அறிந்தவர்களுக்கு அவர் குரலும் தெரியும். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் இருக்கும். சந்தவாசலில் அவருக்கு ‘மைக்செட்’ என்றே பெயர். அன்று அவர் பேசியது எனக்குக் கேட்கவே இல்லை. குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

“தொண்ட கட்டிக்கிச்சாண்ணா?” என்றேன்.

“இல்லம்மா. என் கொரலே இவ்ளோதான். எங்கம்மா என்னை ஊமையான்னு கூப்டும்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இவளுக்குக் காது மந்தமாவறது எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அவ சொல்லல, நானும் கேக்கல. இவகிட்ட மட்டும் கத்திப் பேசுனா, இவனும் தெரிஞ்சிக்கினான்னு அவ மனசு ஒடிஞ்சிடும். அதனால எல்லார்கிட்டயும் கத்த ஆரம்பிச்சேன். மைசூர்ல இருந்து வந்து உக்காந்து சொன்னா பாரு, அப்பதான் தெரிஞ்ச மாதிரி மூஞ்ச வச்சிக்கினேன்.”

“அக்காவுக்கு அது தெரியுமாண்ணா?”

“தெரியாது.” கொஞ்சம் யோசித்தார். “தெரியாமலா இருந்திருக்கும்?” என்று தனக்குள்போலச் சொன்னார். “இனிமே யார்கிட்ட கத்திப் பேசப்போறேன், சொல்லு.”

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மல்லிகாக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. மைசூரில் எடுத்த படங்களும் போன் மாறியபோது போய்விட்டன. ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்தின் சின்ன ஜன்னல் வழியாகப் பெயரைக் கத்திக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். எழுந்து வெளியே வருகிறேன். காத்திருப்பவரின் எதிரில் போய் நின்று, அவர் என் முகத்தைப் பார்த்த பிறகு பேசுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டால் போதாதா மேடம் என்று கேட்கிறார்கள். சென்ற வாரம் ஒரு தாத்தா, நான் எதிரில் போய் நின்றதும் என் உதடுகளையே உற்றுப் பார்த்தார். அவர் பெயரை மெதுவாக, முழுதாகச் சொன்னேன். அவர் எழுந்து என்னோடு உள்ளே வந்தார்.